அக்கி வருமுன் ஊசியா, வந்தபின் மாத்திரையா?

இந்தியாவில் 2023 ஏப்ரலில் ஷிங்ரிக்ஸ் என்ற அக்கித் தடுப்பூசி விற்பனைக்கு வந்ததிலிருந்து, ஐம்பது வயதைத் தாண்டியவர்களுள்ள வீடுகளில் ஒரு புதிய கேள்வி எழுந்திருக்கிறது. ஒரு டோஸின் விலை பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். இரண்டு டோஸ் போட வேண்டும். கணவனும் மனைவியும் போட்டுக்கொண்டால் செலவு நாற்பதாயிரத்தைத் தாண்டும். அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லை. இன்னொரு பக்கம், அக்கி வந்தபின் போட்டுக்கொள்ளும் மாத்திரைகள் எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைக்கின்றன, ஊசியோடு ஒப்பிட்டால் அவற்றின் விலை மிகக் குறைவு. அப்படியிருக்க, வராமலே போகக்கூடிய ஒரு நோய்க்கு இவ்வளவு செலவு செய்யத்தான் வேண்டுமா என்று கேட்பது நியாயமான கேள்வி. அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கும், வயது வந்தவர்களில் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த எவருக்கும் ஊசிதான் சரியான தேர்வு என்றும், ஐம்பதுகளில் இருக்கும் ஆரோக்கியமானவர்கள் கையில் பணம் இல்லையென்றால் சில ஆண்டுகள் பொறுக்கலாம் என்றும் நான் கருதுகிறேன். அந்த முடிவுக்கு வந்த வழியைத்தான் கீழே எழுதுகிறேன்.

சின்னம்மையும் அக்கியும் வேரிசெல்லா சோஸ்டர் என்ற ஒரே வைரஸின் இரண்டு முகங்கள். சிறு வயதில் அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் அந்த வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. தண்டுவடத்தை ஒட்டியுள்ள நரம்பு முடிச்சுகளிலும், முகத்துக்குச் செல்லும் நரம்பின் முடிச்சிலும் அது பல பத்தாண்டுகள் ஒடுங்கிக் கிடக்கிறது. அதை ஒடுக்கி வைத்திருப்பவை ரத்தத்தில் உள்ள டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள். வயதினாலோ, நீரிழிவு, புற்றுநோய், ஸ்டீராய்டு போன்ற காரணங்களாலோ அந்தக் காவல் தளரும்போது, ஏதாவது ஒரு முடிச்சிலிருந்து வைரஸ் விழித்து, அந்த நரம்பின் வழியாகவே தோலுக்கு இறங்குகிறது. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், முதுகிலிருந்து மார்புக்கோ இடுப்பிலிருந்து வயிற்றுக்கோ, ஒரு பட்டைபோல் கொப்புளங்கள் எழும்புவது இதனால்தான். நடுக்கோட்டைத் தாண்டி அவை மறுபக்கம் போவது அரிது.

இந்தத் தொடர்பைத் தெளிவாக விளக்கியவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்ற ஆங்கிலேயப் பொது மருத்துவர். பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமல், சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் தம்மிடம் வந்த அக்கி நோயாளிகளைப் பதினாறு ஆண்டுகள் விடாமல் குறித்துவைத்து, 192 பேரின் விவரங்களிலிருந்து 1965இல் தம் கருத்தை வெளியிட்டார். ஒடுங்கிக் கிடக்கும் வைரஸை உடலின் எதிர்ப்பாற்றல்தான் அடக்கி வைத்திருக்கிறது, அந்த ஆற்றல் ஒரு எல்லைக்குக் கீழே இறங்கும்போது அக்கி வருகிறது என்பது அவர் கருத்தின் முதற்பாதி. அம்மை வந்த குழந்தைகளுடன் பழகும்போது பெரியவர்களின் எதிர்ப்பாற்றல் அவ்வப்போது புதுப்பிக்கப்படுகிறது என்பது இரண்டாம் பாதி. முதற்பாதிதான் இன்றைய தடுப்பூசிக்கு அடிப்படை. இரண்டாம் பாதி பிரிட்டனில் பெரும் தயக்கத்தை உண்டாக்கியது. அதைப் பின்னர் பார்ப்போம்.

தேர்வுக்குப் போகுமுன் எதைத் தடுக்க நினைக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். கொப்புளங்கள் இரண்டு மூன்று வாரங்களில் காய்ந்து உதிர்ந்துவிடும். அவை மட்டும்தான் நோய் என்றால் இவ்வளவு விலையுள்ள ஊசியைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். உண்மையான சுமை, தோல் ஆறிய பின்னும் அதே பட்டையில் மூன்று மாதங்களுக்கு மேல் நிற்கும் நரம்பு வலி. சிலருக்கு அது ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. எரிச்சல், குத்தல், மின்சாரம் பாய்வதுபோன்ற வெட்டு என்று நோயாளிகள் அதைச் சொல்கிறார்கள். பனியன் துணி உரசினாலும், மின்விசிறிக் காற்று பட்டாலும் தாங்க முடியாமல் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அக்கி வந்தவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினெட்டுப் பேருக்கு இந்த வலி தங்குகிறது என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் கணிக்கிறது. வயது ஏற ஏற இந்த விகிதமும் ஏறுகிறது. பிரிகாபாலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் வலியைக் குறைக்கும். ஆனால் பலருக்கு முழு நிவாரணம் தருவதில்லை, முதியவர்களுக்குத் தலைச்சுற்றலும் மந்தமும் வேறு. நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் வரும் அக்கி பார்வையையே பாதிக்கக்கூடியது. மூக்கின் நுனியிலோ பக்கத்திலோ கொப்புளம் எழும்பினால் கண்ணும் பாதிக்கப்படலாம் என்பதற்கு அது முன்னறிவிப்பு. அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி மாத்திரையின் பக்கம். அசைக்ளோவிர் மருத்துவ வரலாற்றின் அரிய மருந்துகளில் ஒன்று. அதை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர்களில் ஒருவரான கெர்ட்ரூட் எலியன் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அக்கிக்கு 800 மில்லிகிராம் மாத்திரையை ஒரு நாளைக்கு ஐந்து வேளை வீதம் ஏழு நாட்கள் எடுக்க வேண்டும். வாலசைக்ளோவிர் என்றால் 1000 மில்லிகிராம், மூன்று வேளை போதும். ஐந்து வேளையை மறந்துவிடும் முதியவர்களுக்கு இதுவே வசதி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இரண்டின் அளவையும் மருத்துவர் குறைத்துத்தான் தருவார். சரியான நேரத்தில் தொடங்கினால் புதிய கொப்புளங்கள் எழும்புவது சீக்கிரம் நிற்கும், தொடக்கக்கால வலி தணியும், கண்ணில் வந்த அக்கியின் சிக்கல்கள் குறையும்.

ஆனால் நாம் அஞ்சுகிற நீண்டகால நரம்பு வலியை இந்த மாத்திரைகள் தடுக்கின்றனவா என்று பார்த்தால், கிடைப்பது ஏமாற்றமான பதில். ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் குழுவினர், அசைக்ளோவிர் அந்த வலி வருவதைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைப்பதாகச் சான்று இல்லை என்ற முடிவுக்கே வந்தார்கள். காரணத்தைப் புரிந்துகொள்வது கடினமல்ல. தோலில் முதல் கொப்புளம் தெரியும்போது வைரஸ் நரம்பு முடிச்சில் பெருகி, நரம்பின் நீளம் முழுவதும் பயணம் செய்து முடித்திருக்கிறது. மாத்திரை அதன்பின் நடக்கும் பெருக்கத்தை நிறுத்துமே தவிர, அதற்குள் நரம்புக்கு நேர்ந்த சேதத்தைச் சரிசெய்யாது.

இதோடு நேரக் கணக்கும் சேர்கிறது. கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் மாத்திரையைத் தொடங்க வேண்டும் என்பது ஆய்வுகள் வகுத்த வரம்பு. நடைமுறையில் அந்த மூன்று நாட்கள் எப்படிக் கழிகின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் கொப்புளத்துக்குச் சில நாட்கள் முன்பே வலி தொடங்கிவிடும். இடப்பக்க மார்பில் வந்தால் இசிஜி எடுப்பார்கள். இடுப்பில் வந்தால் கல்லடைப்பு என்று ஸ்கேனுக்குப் போவார்கள். மற்ற இடத்தில் வந்தால் வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்ப்பார்கள். பிறகு முதுகில் சிவந்து எழும்புவதைத் தனியாக வசிக்கும் ஒரு முதியவர் பார்க்கவே முடியாது. வேட்டியோ பாவாடை நாடாவோ உரசிப் புண்ணானது என்று இரண்டு நாள் போகும். அடுத்து, அக்கி என்று தெரிந்தவுடன் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து எழுதிக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்றும் இருக்கிறது. காவியின் குளிர்ச்சி எரிச்சலுக்கு இதமாக இருக்கலாம். எழுதுகிறவரின் கையில் உள்ள அக்கறையையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நரம்பில் இருக்கும் வைரஸைக் காவி தொடுவதில்லை, மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டு மருத்துவமனைக்கு வருபவர் மாத்திரைக்குரிய நேரத்தை இழந்துவிட்டுத்தான் வருகிறார். எழுதிக்கொள்ள விரும்புகிறவர்கள் முதல் மாத்திரையை விழுங்கிவிட்டு எழுதிக்கொள்ளட்டும்.

ஊசியின் பக்கத்தில் இரண்டு தலைமுறைகள் உண்டு. முதல் தலைமுறை உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட வைரஸ். ஜப்பானிய ஆய்வாளர் மிச்சியாகி தகஹாஷி, தம் மகன் சின்னம்மையால் கடுமையாக அவதிப்பட்டதைக் கண்டபின், ஓக்கா என்ற வகை வைரஸை வலுக்குறைத்து 1974இல் குழந்தைகளுக்கான சின்னம்மைத் தடுப்பூசியை உருவாக்கினார். அதே வைரஸைக் குறைந்தது பதினான்கு மடங்கு வீரியத்தில் செலுத்தினால் முதியவர்களின் தளர்ந்த காவலை மீண்டும் எழுப்பலாம் என்ற எண்ணத்தில் பிறந்தது சோஸ்டாவாக்ஸ். அமெரிக்காவில் 38,546 முதியவர்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2005இல் வந்தது. அக்கி 51 விழுக்காடும், நீண்ட நரம்பு வலி 66 விழுக்காடும் குறைந்திருந்தன. நல்ல முடிவுதான், ஆனால் அதில் ஒரு குறையும் இருந்தது. அறுபதுகளில் இருந்தவர்களுக்கு 64 விழுக்காடாக இருந்த பாதுகாப்பு, எழுபதைத் தாண்டியவர்களுக்கு 38 விழுக்காடாக இறங்கியது. யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகப் பயன்பட்டது. பாதுகாப்பு சில ஆண்டுகளில் தேய்ந்தது. உயிருள்ள வைரஸ் என்பதால் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களுக்கும் அதைக் கொடுக்கவே முடியாது. 2020 நவம்பரோடு அமெரிக்காவில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. ஆகவே யாராவது பழைய கட்டுரையைக் காட்டி, ‘அக்கி ஊசி பாதிப்பேருக்குத்தான் பலிக்கும்’ என்று சொன்னால், அவர்கள் சொல்வது இந்த முதல் தலைமுறை ஊசியைப் பற்றி.

ஷிங்ரிக்ஸில் உயிருள்ள வைரஸ் இல்லை. வைரஸின் மேற்புறத்தில் உள்ள கிளைக்கோபுரதம் ஈ என்ற ஒரே புரதம் 50 மைக்ரோகிராம் அளவில் இருக்கிறது. அதோடு எதிர்ப்பாற்றலைத் தூண்டும் துணைப்பொருள் ஒன்று சேர்கிறது; அதன் ஒரு கூறு தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் வளரும் கியுல்லாயா மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்படும் சப்போனின். அந்தத் துணைப்பொருள்தான் முதிய உடலின் டி செல்களையும் எழுப்புகிறது. 18 நாடுகளில் ஐம்பது வயதைத் தாண்டிய 15,411 பேரிடம் நடந்து 2015இல் வெளியான சோதனையில் 97 விழுக்காடு பாதுகாப்பு தெரிந்தது. எழுபதைத் தாண்டியவர்களிடம் தனியாக நடந்த சோதனையிலும் அது 90 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. இதே நபர்களைத் தொடர்ந்து கவனித்ததில், ஆறாம் ஆண்டு முதல் பதினோராம் ஆண்டு வரை பாதுகாப்பு 80 விழுக்காடு அளவில் இருக்கிறது.

விழுக்காட்டுக் கணக்கு மட்டும் முடிவெடுக்கப் போதாது. நூறு பேரை எடுத்துக்கொண்டு எண்ணிப் பார்ப்பது நல்லது. அந்தச் சோதனையில் ஊசி போடாதவர்களில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஒன்பது பேர் வீதம் அக்கி வந்தது. அதாவது நூறு பேர் பத்தாண்டுகள் ஊசியின்றி இருந்தால் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு அக்கி வரும், அவர்களில் ஒருவருக்கு நீண்ட நரம்பு வலி தங்கும். ஊசி போட்ட நூறு பேரில் ஒருவருக்கோ இருவருக்கோதான் அக்கி வரும், நீண்ட வலி வருவது மிக அரிது. இப்போது செலவைப் பாருங்கள்: நூறு பேருக்கு இருபது லட்சம் ரூபாய்க்கு மேல். ஐம்பத்திரண்டு வயதில், சர்க்கரையும் இல்லாமல் வேறு நோயும் இல்லாமல், பிள்ளையின் கல்விக் கட்டணத்துக்காகப் பணம் புரட்டிக்கொண்டிருப்பவரிடம் ‘கடன் வாங்கியாவது போடுங்கள்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எழுபது வயதில் கணக்கு வேறு. அக்கி வந்தால் வலி தங்கும் வாய்ப்பு கூடுகிறது, வலி மாத்திரைகளின் பக்கவிளைவால் கீழே விழும் ஆபத்து கூடுகிறது, ஒரு மாதம் படுத்தாலே பழைய நடமாட்டம் திரும்பாமல் போகலாம். அந்த வயதில் இந்த ஊசி தன் விலைக்குரிய பலனைத் தருகிறது என்றே நம்புகிறேன். பிள்ளைகள் பெற்றோருக்குச் செய்யும் செலவுகளில் இதைவிடப் பயன் குறைந்தவை பல இருக்கின்றன.

எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களின் நிலையை வயதுக் கணக்கில் சேர்க்கவே கூடாது. முடக்குவாதத்துக்காக டோஃபாசிட்டினிப் போன்ற மருந்து எடுப்பவர்கள், நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்கள், ரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு நாற்பது வயதிலும் அக்கி வரலாம், அது உடல் முழுவதும் பரவவும் கூடும். உயிருள்ள வைரஸ் இல்லாததால் இவர்களுக்கும் ஷிங்ரிக்ஸ் போடலாம். வழக்கமாக இரண்டு முதல் ஆறு மாதங்கள் விடும் இடைவெளியை இவர்களுக்கு ஒன்று முதல் இரண்டு மாதங்களாகக் குறைக்கிறார்கள். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைத் தொடங்கப் போகிறோம் என்று தெரிந்தால், தொடங்குவதற்கு முன்பே ஊசியைப் போட முடியுமா என்று அந்த மருத்துவரிடமே கேட்க வேண்டும்.

ஊசியின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஐந்தில் நான்கு பேருக்கு ஊசி போட்ட தோள் வலிக்கும். உடல்வலி, குளிர் நடுக்கம், காய்ச்சல் ஆகியவையும் வரும். ஆறு பேரில் ஒருவருக்கு அன்றாட வேலை செய்ய முடியாத அளவுக்கு இவை இருந்தன என்று அந்தச் சோதனையே பதிவு செய்திருக்கிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் அடங்கிவிடும். திருமணத்துக்கோ பயணத்துக்கோ முந்தின நாள் போட்டுக்கொள்வதைத் தவிர்த்தால் போதும். இந்த அவதிக்கு அஞ்சி இரண்டாம் டோஸை விட்டுவிடுபவர்கள்தான் பணத்தை வீணாக்குகிறார்கள், ஏனெனில் நீடித்த பாதுகாப்பு இரண்டு டோஸுக்குத்தான் சோதிக்கப்பட்டிருக்கிறது. நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பாரே என்ற நோய், அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களிடம் பத்து லட்சம் டோஸுக்கு ஏறக்குறைய மூன்று என்ற அளவில் கூடுதலாக வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021இல் எச்சரிக்கை சேர்த்தது. அக்கியால் வரும் தீங்கோடு வைத்துப் பார்த்தால் இது மிகச் சிறிய ஆபத்து. ஆனால் முன்பு அந்த நோய் வந்தவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லியே தீர வேண்டும்.

அண்மையில் மறதி நோயைப் பற்றிய செய்தியும் இந்த விவாதத்தில் சேர்ந்திருக்கிறது. பிரிட்டனின் வேல்ஸில் 2013 செப்டம்பரில் பழைய அக்கி ஊசியான சோஸ்டாவாக்ஸ் போடும் திட்டம் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2ஆம் தேதிக்கு முன் பிறந்தவர்களுக்கு ஊசி மறுக்கப்பட்டது, அன்றும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு வாய்ப்பு கிடைத்தது. சில நாட்கள் முன்பின்னாகப் பிறந்தவர்களிடையே வேறு பெரிய வேற்றுமை இருக்காது என்பதால், இயற்கையே அமைத்துத் தந்த சோதனைபோல் அது ஆயிற்று. அதைப் பயன்படுத்தி 2025இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, ஊசி போட்டவர்களிடம் ஏழு ஆண்டுகளில் மறதி நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாகச் சொல்கிறது. வலுவான ஆய்வு அது. மகிழ்ச்சி தரும் செய்தியும்கூட. ஆனால் அந்த ஆய்வில் பயன்பட்டது பழைய உயிருள்ள ஊசி. ஆகவே மறதி நோயைத் தடுப்பதற்காக என்று ஷிங்ரிக்ஸை வாங்க வேண்டாம். அக்கிக்காகப் போடுங்கள், இந்தப் பலனும் கிடைத்தால் நல்லது.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னொரு முடிவும் இதனுடன் சேர்ந்தே வருகிறது: பேரப்பிள்ளைக்குச் சின்னம்மைத் தடுப்பூசி போடுவதா, வருவது வரட்டும் என்று விடுவதா? பிரிட்டன் நெடுங்காலம் இரண்டாவது வழியில் நின்றதற்கு ஹோப்-சிம்ப்சனின் கருத்தின் மறுபாதி ஒரு முக்கியக் காரணம். குழந்தைகளிடம் அம்மை மறைந்தால் பெரியவர்களின் எதிர்ப்பாற்றல் புதுப்பிக்கப்படாமல் அக்கி பெருகும் என்று அஞ்சினார்கள். 2020இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், வீட்டில் அம்மை வந்த குழந்தையுடன் இருந்த பெரியவர்களுக்கு அடுத்த இருபது ஆண்டுகளில் அக்கி ஏறக்குறைய 30 விழுக்காடு குறைவாக வந்தது தெரிந்தது. புதுப்பித்தல் உண்மைதான், ஆனால் அஞ்சிய அளவுக்கு அது பெரிதல்ல. 1995 முதல் குழந்தைகளுக்கு ஊசி போடும் அமெரிக்காவில், பெரியவர்களிடம் அக்கி கூடுவது ஊசிக்கு முன்பே தொடங்கியிருந்தது, ஊசியால் அது வேகம் பிடிக்கவில்லை. ஊசி போட்ட குழந்தைகளிடமோ, போடாத குழந்தைகளைவிட அக்கி 78 விழுக்காடு குறைந்தது. பிரிட்டனும் 2026 ஜனவரியில் குழந்தைகளுக்கான திட்டத்தைத் தொடங்கிவிட்டது. தாத்தாவின் அக்கியைத் தடுக்கப் பேத்திக்கு அம்மை வரவிடுவது இன்று எந்தக் கணக்கிலும் நியாயமாகாது. தாத்தாவுக்கென்றே ஊசி இருக்கிறது.

இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சின்னம்மைக்கு இரண்டு டோஸ் பரிந்துரைக்கிறது. முதல் டோஸ் பதினைந்தாம் மாதத்தில். வெப்ப நாடுகளில் பலர் அம்மை வராமலே பதின்வயதைக் கடந்துவிடுவதால், பெரியவர்களாகி அது வரும்போது நுரையீரல் அழற்சி போன்ற கடுமையான வடிவில் வருகிறது. அம்மை வராத, ஊசியும் போடாத இளம் பெண்கள் கருத்தரிப்பதற்கு முன்பே இதைப் போட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்ப காலத்தில் இந்த ஊசியைப் போடக் கூடாது. அக்கி வந்த பெரியவரின் கொப்புள நீர் பட்டால், இப்படி எதிர்ப்பாற்றல் இல்லாதவர்களுக்குச் சின்னம்மை தொற்றலாம் என்பதால், கொப்புளங்கள் பொருக்கு கட்டும் வரை அவற்றை மூடி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊசிக்கு முடிவெடுத்தவர்கள் சின்னம்மை வந்ததா என்று நினைவுபடுத்தவோ ரத்தப் பரிசோதனை செய்யவோ வேண்டியதில்லை. ஐம்பதைத் தாண்டியவர்களில் மிகப் பெரும்பாலோரின் உடலில் அந்த வைரஸ் இருக்கிறது. ஒருமுறை அக்கி வந்தவர்களுக்கும் மீண்டும் வரலாம் என்பதால், கொப்புளங்கள் முழுதும் ஆறிய பிறகு அவர்களும் போட்டுக்கொள்ளலாம். மருந்து ஒரு குப்பியில் பொடியாகவும் இன்னொன்றில் திரவமாகவும் வரும். இரண்டையும் கலந்து தோள் தசையில் போடுவார்கள். கலக்கும் வரை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டிய பொருள் என்பதால், மின்வெட்டைத் தாங்கும் குளிர்பெட்டி உள்ள இடத்தில் போட்டுக்கொள்வதும், இரண்டாம் டோஸின் தேதியை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்வதும் நல்லது. ஊசி வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள், உடம்பின் ஒரு பக்கத்தில் காரணம் தெரியாத எரிச்சல் வந்தால் அடுத்த சில நாட்களுக்குத் தினமும் முதுகையும் இடுப்பையும் வேறொருவரிடம் காட்ட வேண்டும். கொப்புளம் தெரிந்தால் மறுநாளைக்குத் தள்ளாமல் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.